அம்மிக்கல்லும் ஒரு கல்லறைக் கல்லும்

போன மாதம் அப்பத்தா வீட்டுக்குப் போயிருந்தபோது தெருவில் "அம்மி கொத்தலையோ அம்மி" என்று குரல் கேட்டது. மிக்ஸி வந்த பிறகு இந்தக் குரலைக் கேட்பதே அபூர்வம். அப்பத்தா விடவில்லை, வாசலுக்கே ஓடிப்போய்க் கூப்பிட்டுவிட்டார். திருச்சுழிப் பக்கம் பாதி வீடுகளில் அம்மி இப்போது துணி துவைக்கும் கல்லாகிவிட்டது. அப்பத்தா மட்டும் இன்னும் கருவாட்டுக் குழம்புக்கு அம்மியில்தான் மசாலா அரைப்பார்.

வந்தவர் உளியை எடுக்கும் முன்னால் சுத்தியலால் அம்மியை இரண்டு தட்டு தட்டினார். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். "நல்ல கல்லுத்தா. கணீர்னு இருக்கு" என்றார்.

நான் சும்மா இருக்காமல், "இது என்ன கல்லுங்கய்யா?" என்றேன்.

"கருங்கல்லுதான் தம்பி." ஒரு நிமிடம் கழித்து அவரே தொடர்ந்தார். "கருங்கல்லுலயும் எத்தனையோ இருக்கு. இது நீலம் ஓடுன கல்லு. அந்தா வாசப்படியில கிடக்கு பாருங்க, அது வரி ஓடுன கல்லு. அதுல அம்மி அடிச்சீங்கன்னா மண்ணுதான் திங்கணும்."

அந்த "நீலம் ஓடுன" என்ற சொல் மனதில் ஒட்டிக்கொண்டது. ஜியாலஜி படிக்கும் நண்பன் ஒருவனுக்கு அம்மியை போட்டோ எடுத்து அனுப்பினேன். அவன் முதலில் சிரித்தான். பிறகு, "போட்டோவைப் பார்த்து உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா சார்னாக்கைட் மாதிரி இருக்கு" என்றான். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்த கதைதான் இது. பி.காம் படிக்கிறவன் கல்லைப் பற்றி எழுதலாமா என்று கேட்காதீர்கள். கதையின் நடுவில் நம்ம சப்ஜெக்ட்டும் வருகிறது :-)

கதை அருப்புக்கோட்டையில் தொடங்கவில்லை, கல்கத்தாவில் தொடங்குகிறது. கல்கத்தாவில் கல் கிடையாது! கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண்ணில் நிற்கிற ஊர் அது. எவ்வளவு ஆழம் தோண்டினாலும் களிமண்ணும் மணலும்தான் வரும். நம் ஊரில் கிணறு தோண்டினால் சில அடிகளிலேயே கடப்பாரை 'டங்' என்று பாறையில் முட்டும், பிறகு வெடி வைத்துத்தான் இறங்க வேண்டும். அவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் செத்தவர் மேல் வைக்க ஒரு நல்ல பலகைக் கல் வேண்டுமென்றால் கப்பலில்தான் வர வேண்டும்.

ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரி 1690 ஆகஸ்டில் சுதாநுதி என்ற கிராமத்தில் வந்து இறங்கினார். பின்னால் கல்கத்தாவாக வளர்ந்த மூன்று கிராமங்களில் அது ஒன்று. அதற்கு முன் மொகலாயர்களோடு சண்டையாகி, வங்காளத்தை விட்டு ஓடிவந்து சென்னையில்தான் தங்கியிருந்தார். அவருடைய மூன்று மகள்களுக்கு 1689-இல் ஞானஸ்நானம் கொடுத்தது நம் கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் மேரி தேவாலயத்தில். 1693 ஜனவரியில் சார்னாக் இறந்தார். மூத்த மகளைக் கட்டிய மருமகன் சார்லஸ் அயர் அவருக்கு ஒரு கல்லறை மண்டபம் கட்டினார். இன்றும் அது கொல்கத்தா செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. உள்ளே லத்தீன் எழுத்துகள் வெட்டிய ஒரு கரும்பலகைக் கல். சென்னைப் பக்கமிருந்து கப்பலேறிப் போன கல் அது. மாமனார் சென்னையிலிருந்து கல்கத்தா போனார், பின்னாலேயே கல்லும் போனது.

அதற்குப் பிறகு 200 வருடம் அந்தக் கல்லைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

1890-இல் தாமஸ் ஹென்றி ஹாலந்து என்ற இளைஞர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து கல்கத்தா வந்தார். துறையின் கல் மியூசியமும் ஆய்வுக்கூடமும் அவர் பொறுப்பு. இந்தியா முழுவதிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் கற்களைப் பிரித்து, பெயர் எழுதி அடுக்கி வைக்கிற வேலை. அவர் சார்னாக்கின் கல்லறைக் கல்லில் ஒரு துணுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

கல்லை எப்படி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என்று எனக்கும் முதலில் புரியவில்லை. சின்ன சில்லாக வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, தேய்த்துக்கொண்டே போவார்களாம். சுமார் 0.03 மில்லிமீட்டர் கனத்துக்கு வந்ததும் கருங்கல்லே கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை விட ஆரம்பித்துவிடும். இங்கிலாந்தில் ஹென்றி சார்பி என்பவர் 1850களில் இதைச் செய்து காட்டியபோது, மலையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கிளம்பிவிட்டான் என்று கேலி செய்திருக்கிறார்கள். கேலி செய்தவர்களின் பேரன்கள் காலத்தில் அதுதான் பாடமாகிவிட்டது.

ஹாலந்து பார்த்த சில்லில் குவார்ட்ஸ் இருந்தது, ஃபெல்ஸ்பார் இருந்தது, கொஞ்சம் இரும்புத் தாது இருந்தது. இதெல்லாம் சாதாரணம். கூடவே ஹைப்பர்ஸ்தீன் என்ற தாதுவும் இருந்தது. ஒளியை ஒரு வாட்டத்தில் விட்டால் இளஞ்சிவப்பாகவும், தட்டைத் திருப்பினால் பச்சையாகவும் தெரிகிற தாது அது. கிரானைட் மாதிரி இருக்கிற கல்லில் அது இருப்பது புதுசு. சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் கல்லும் இதே கல்தான்.

1893-இல் இதை ஒரு கட்டுரையாக எழுதி வங்காள ஆசியச் சங்கத்துக்குக் கொடுத்தார். தலைப்பு 'ஜாப் சார்னாக் கல்லறைக் கல்லின் பாறையியல்'. சங்கத்தின் இதழில் மூன்றே பக்கம். இது புது வகைக் கல், அறியாமலேயே இதன் முதல் மாதிரியைத் தலைநகருக்குக் கொண்டுவரக் காரணமானவர் சார்னாக், எனவே அவர் பெயரில் 'சார்னாக்கைட்' என்று வைக்கலாம் என்பது அதன் சாரம். அப்போது ஹாலந்துக்கு வயது 24. (நமக்கு 24-இல் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டு மேலே படியுங்கள்.)

இந்த ஆசியச் சங்கத்தை நம் காலத்துப் பாஷையில் சொன்னால் ஒரு கிளப். 1784-இல் வில்லியம் ஜோன்ஸ் ஆரம்பித்தது. மாதத்துக்கு ஒரு கூட்டம். ஒருவர் செப்புப் பட்டயம் கொண்டு வருவார், ஒருவர் பல்லியைச் சாராயத்தில் போட்டுக் கொண்டு வருவார், இன்னொருவர் கல். மேசையில் வைத்துச் சுற்றி நின்று பார்ப்பார்கள், கட்டுரையை வாசிப்பார்கள், சண்டை போடுவார்கள், அச்சடிப்பார்கள். சென்னையிலும் இப்படி ஒன்று இருந்தது. 1812-இல் தொடங்கிய மெட்ராஸ் இலக்கியச் சங்கம். பெயரில்தான் இலக்கியம். அவர்களிடம் குவிந்த சுமார் 1100 கல், தாது மாதிரிகளை வைத்துத்தான் 1851-இல் சென்னை அரசு அருங்காட்சியகமே தொடங்கியது. எழும்பூர் மியூசியம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வெண்கல நடராஜர். ஆனால் முதலில் வந்து சேர்ந்தவை கற்கள்.

பல்லாவரம் என்றதும் இன்னொரு கல்லையும் சொல்லாமல் போக முடியாது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு சரளைக் குழியில் கண்டெடுத்த கற்கோடாரி, இந்தியாவின் பழைய கற்கால வரலாற்றையே திறந்துவிட்டது. அதே ஃபூட்தான் நம் பக்கத்துக்கும் ஆள். மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் நிலவியலை எழுதினார். அது 1883-இல் வெளிவந்தது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அன்றைக்கு மதுரை ஜில்லாவில் இருந்த ராமநாதபுரம் ஜமீனுக்குள் அடக்கம். நம் கிணறுகளுக்கு அடியில் இருக்கிற கல்லைப் பற்றி அவர் எழுதியபோது சார்னாக்கைட் என்ற சொல்லே பிறக்கவில்லை. அது பிறக்க இன்னும் பத்து வருடமும் ஒரு கல்லறையும் வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. தமிழ்நாட்டில் நீலகிரி, பழனி மலை, சேர்வராயன் மலை என்று மலை மலையாக நிற்கிற கல் இது. தெற்கே கன்னியாகுமரி வரை, கடல் தாண்டி இலங்கையின் மலைநாட்டிலும், ஒரு காலத்தில் நம்மோடு ஒட்டியிருந்த அண்டார்டிகாவிலும்கூட இருக்கிறது. நம் விருதுநகர் மாவட்டத்திலும் வரிப்பாறைகளோடு கலந்து கிடக்கிறது. இதைத்தான் கோயிலாகவும் அம்மியாகவும் ஆட்டுக்கல்லாகவும் அடித்து வைத்திருக்கிறார்கள். பெயர் மட்டும் சென்னையில் கொஞ்ச காலம் தங்கிப்போன ஒரு வியாபாரிக்கா? அந்தப் பலகையை வெட்டி, இழைத்து, கப்பலில் ஏற்றியவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

நம் ஆட்களிடம் வகைப்பாடு இல்லாமல் இல்லை. சிற்ப மரபில் கல்லைத் தட்டிப் பார்த்து ஆண் கல், பெண் கல், அலிக்கல் என்று பிரிப்பார்கள். கண்டாமணி மாதிரி ஒலித்தால் ஆண் கல், தெய்வ உருவத்துக்கு ஆகும். கைத்தாளம் மாதிரி ஒலித்தால் பெண் கல், அம்மன் சிலைக்கு. ஒலியே இல்லாமல் மொத்தென்று இருந்தால் அலிக்கல், அடித்தளத்துக்கும் தரைக்கும். வயதைப் பார்த்து இளங்கல், கிழட்டுக் கல் என்றும் உண்டு. அம்மி கொத்துகிறவர் தலையைச் சாய்த்துக் கேட்டது இந்த வழியில் வந்த காதுதான். உள்ளே விரிசல் இருக்கிறதா, மணிகள் இறுக்கமாகப் பிடித்திருக்கின்றனவா என்பதைச் சத்தம் சொல்லிவிடும். அவர் "நீலம் ஓடுன கல்லு" என்றாரே, சார்னாக்கைட்டின் குவார்ட்ஸ் பல இடங்களில் நீலம் கலந்துதான் இருக்கும் என்று புத்தகத்திலும் இருக்கிறது! மைக்ராஸ்கோப் இல்லாமல் அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கல் எப்படி உண்டானது என்பது காதுக்குத் தெரியாது. ஹைப்பர்ஸ்தீன் சும்மா உண்டாவதில்லை. பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேல் சூட்டில், அதுவும் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லாத இடத்தில்தான் உண்டாகும். தண்ணீர் இருந்தால் வேறு தாது வந்துவிடும். ஆக, சார்னாக்கைட் என்பது வறண்ட கல். தண்ணியில்லாக் காட்டுக்குத் தண்ணியில்லாக் கல்! பூமியின் அடிவயிற்றில் வெந்த கல், மேலே இருந்த மலைகள் எல்லாம் கோடிக்கணக்கான வருடங்களில் தேய்ந்து போன பிறகு, இன்றைக்கு அப்பத்தா வீட்டுக் கொல்லையில் மிளகாய் அரைத்துக்கொண்டிருக்கிறது. சென்னைப் பக்கத்துக் கல்லுக்கு வயது சுமார் 250 கோடி வருடம். மதுரை வட்டாரப் பாறைகள் கடைசியாகப் பெரிய சூட்டில் வெந்தது சுமார் 55 கோடி வருடம் முன்பு. இதைச் சொன்னது அந்த மேசையைச் சுற்றி நின்று பார்த்தவர்கள் தொடங்கிவைத்த வழி. அதனால் என் கோபம் பெயர் மேல் இருந்து, அந்த மேசையைச் சுற்றி யார் நின்றார்கள் என்பதற்கு மாறியது.

ஆசியச் சங்கத்தில் 1829 வரை இந்தியர் ஒருவர்கூட உறுப்பினர் இல்லை. பிறகு நிலைமை மாறியது. 1885-இல் ராஜேந்திரலால் மித்ரா தலைவராகவே ஆனார். அந்த வருடம் சங்கத்தின் நூறு வருட வேலையைத் தொகுத்து ஒரு நூற்றாண்டு மலர் போட்டார்கள். அதில் இயற்கை அறிவியல் பகுதி முழுவதையும் எழுதியவர் பிரமதநாத் போஸ் என்ற வங்காளி. நான் இந்தப் பதிவு எழுத உட்கார்ந்ததே இவரால்தான்.

போஸ் 1855-இல் பிறந்தவர். லண்டனில் படித்து, 1880-இல் நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அந்தத் துறையின் அதிகாரி வரிசையில் நுழைந்த முதல் இந்தியர்களில் ஒருவர். மத்திய இந்தியக் காடுகளில் கூடாரம் போட்டு அலைந்து தல்லி, ராஜ்ஹரா இரும்புத் தாதுவைப் பற்றி எழுதியவர். இன்றைக்கு பிலாய் ஆலைக்குத் தாது போவது அங்கிருந்துதான். ஹாலந்து வேலைக்குச் சேரும்போது போஸுக்கு அந்தத் துறையில் பத்து வருட சர்வீஸ்.

1903-இல் இயக்குநர் பதவி காலியானது. பதவி ஹாலந்துக்குப் போனது. போஸ் ராஜினாமா செய்தார்.

ஹாலந்துக்குத் தகுதி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1900-இல் அவர் எழுதிய சார்னாக்கைட் பற்றிய பெரிய நூலை உலகம் முழுவதும் படித்தார்கள். ஆனால் தகுதி மட்டும்தான் காரணம் என்று நம்பவும் முடியவில்லை. 1851-இல் தொடங்கிய அந்தத் துறைக்கு ஓர் இந்தியர் தலைவராக வந்தது 1951-இல். சரியாக நூறு வருடம்! வந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து மகாராஜபுரத்தைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன். நூறு வருடத்தில் தகுதியான ஆள் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

இனிமேல்தான் நம்ம சப்ஜெக்ட். வேலையை விட்ட போஸ், மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் நிலவியலாளராகச் சேர்ந்தார். அங்கே கோருமஹிசானி மலையில் இரும்புத் தாதுவைக் கண்டார். 1904 பிப்ரவரி 24 அன்று ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். டாட்டா அந்த மே மாதமே இறந்துவிட்டார். ஆனால் கடிதம் வேலை செய்தது. அதுவரை வேறு இடங்களில் தேடிக்கொண்டிருந்த டாட்டாவின் ஆட்கள் மயூர்பஞ்சுக்கு வந்து பார்த்தார்கள். 1907-இல் டாட்டா இரும்பு எஃகு கம்பெனி பதிவானது. சாக்சி என்ற கிராமம் 1919-இல் ஜாம்ஷெட்பூர் ஆனது. கம்பெனிச் சட்டத்துக்கு உதாரணம் சொல்லும்போதெல்லாம் இந்தக் கம்பெனி பெயர் வருகிறது. அதற்குப் பின்னால் பதவி உயர்வு கிடைக்காத ஒரு மனிதர் இருக்கிறார் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. 1903-இல் போஸுக்கே அந்த நாற்காலி கிடைத்திருந்தால் 1904-இல் அந்தக் கடிதம் எழுதப்பட்டிருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன். அதற்காக அநியாயம் நல்லதுக்குத்தான் என்று சொல்லிவிட முடியாது. போஸ் அப்படி நினைத்திருப்பார் என்றும் தோன்றவில்லை.

ஹாலந்தும் நம் பாடத்தில் இருக்கிறார், தெரியுமா? 1916-இல் அமைத்த இந்தியத் தொழில் கமிஷனுக்குத் தலைவர் அவரேதான். மதன் மோகன் மாளவியா மறுப்புக் குறிப்பு எழுதினாரே, அந்தக் கமிஷன். சர் தாமஸ் ஹாலந்து என்ற பெயரை மனப்பாடம் செய்தபோது, என் அப்பத்தா வீட்டு அம்மிக்குப் பெயர் வைத்தவர் அவர்தான் என்று எனக்குத் தெரியாது.

சார்னாக் கதையும் பிறகு மாறிவிட்டது. கல்கத்தாவை நிறுவியவர் என்ற பட்டத்தை 2003 மே மாதம் கல்கத்தா உயர் நீதிமன்றமே எடுத்துவிட்டது. அவர் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, ஒரு தனி ஆளை நிறுவனர் என்று சொல்ல முடியாது என்பது தீர்ப்பு. எந்தக் காரணத்துக்காக ஹாலந்து அந்தப் பெயரை வைத்தாரோ அந்தக் காரணம் போய்விட்டது. கல்லின் பெயர் மட்டும் நிற்கிறது. அதைவிட வேடிக்கை, ஹைப்பர்ஸ்தீன் என்ற தாதுப் பெயரையும் 1988-இல் சர்வதேசத் தாதுவியலாளர்கள் நீக்கிவிட்டார்கள். எந்தத் தாதுவை வைத்து ஒரு கல்லுக்குப் பெயர் வைத்தார்களோ, அந்தத் தாதுவுக்கே இப்போது வேறு பெயர். பரங்கிமலையில் இந்தக் கல் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. சென்னையில் இருக்கிறவர்கள் ஒரு நாள் மாலை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், மின்சார ரயிலில் போய்விடலாம்.

நம் ஊர்ப் பக்கம் பெயரோடு இருக்கிற கல் ஒன்றுதான், பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல். அது சிமெண்டு ஆலைக்குப் போகிறது. அதற்கு விலை இருக்கிறது, அதனால் பெயர் இருக்கிறது, எத்தனை டன் இருக்கிறது என்ற கணக்கும் இருக்கிறது. மற்ற கல் எல்லாம் ஜல்லி. முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி என்று அளவுதான் அதற்குப் பெயர். கிணறு வெட்டுகிறவர்கள் எத்தனை வகைப் பாறையைப் பார்த்திருப்பார்கள்! அவற்றை ஒரு மேசையில் பரப்பி வைத்து, அம்மி கொத்துகிறவரையும் ஜியாலஜி படிக்கிறவனையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சாயங்காலம் பேசவிட்டால் என்ன என்று நண்பனிடம் கேட்டேன். "இடம் எங்கடா?" என்றான். அப்பத்தா வீட்டுத் திண்ணை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கல் கொண்டு வரவும் :-)

இந்தக் கதையை எல்லாம் அப்பத்தாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"யாருடா அந்த சார்னாக்கு? கல்லு வெட்டுறவனா?"

"இல்ல அப்பத்தா, வியாபாரி. அவரு சமாதி மேல வச்ச கல்லு இது."

"சமாதிக் கல்லா?"

இந்தக் கல் இல்லை, இதே ஜாதிக் கல் என்று எவ்வளவோ விளக்கினேன். "கண்டவன் சமாதிக் கல்லுலயாடா இத்தனை வருசம் அரைச்சேன்" என்றபடி எழுந்து போய், ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அம்மியை அலசிவிட்டார்.